ஜாக்கியில் தொங்கும்போது போல்ட்டை முறுக்காதீர்கள்

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி தன் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸோடு கோவையில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்தார். அந்த வண்டியின் டிக்கி, பின்கண்ணாடியோடு சேர்ந்து திறக்கும். அதனால் அதைச் செடான் என்று சொல்லலாமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நம் ஊரில் அது செடான்தான், விடுங்கள். "அண்ணா, காயில் ஓவர் நானே வீட்டுல மாட்டினேன். மூணு மாசம் நல்லாதான் இருந்துச்சு. இப்ப பின்னாடி முனகுது, வண்டியும் ஒரு பக்கமா உட்கார்ந்துட்டு இருக்கு" என்றார். காயில் ஓவர் என்றால் வண்டியின் உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஸ்பிரிங், ஷாக் செட்.

லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். வேலை சுத்தமாகவே இருந்தது. போல்ட்டுகளில் பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டிருந்தார், ஏபிஎஸ் ஒயரைக் கிளிப்பில் ஒழுங்காக மாட்டியிருந்தார். சம்பளத்துக்கு வேலை செய்பவர்களே இவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. ஆனால் பின்பக்க லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) உள்முனையில் இருக்கும் புஷ்ஷை டார்ச் அடித்துப் பார்த்தபோது ரப்பர் பாதி கிழிந்திருந்தது. இடது பக்கம் இன்னும் மோசம். விரலை வைத்தால் பிளவுக்குள் நகம் போனது.

காரணம் ஒன்றுதான். வண்டி ஜாக்கியில் இருக்க, சக்கரம் தொங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே அந்தப் போல்ட்டுகளை டார்க் ரென்ச் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து முழுசாக முறுக்கிவிட்டார்.

ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுழலாது. நடுவில் ஓர் இரும்புக் குழல், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் இடையில் ஒட்டிய ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் நடுக்குழல் பிராக்கெட்டோடு இறுகிவிடும். அதன்பின் ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு வளைந்து கொடுக்கும். வண்டி தரையில் நிற்கும் நிலையில் முறுக்கியிருந்தால் அந்த நிலையில் ரப்பருக்கு எந்த இழுவிசையும் இல்லை; பள்ளத்தில் கொஞ்சம் முறுக்கும், மேட்டில் கொஞ்சம் முறுக்கும், திரும்பி வந்துவிடும். தொங்கும் நிலையில் முறுக்கினால், வண்டியை இறக்கிய நிமிடத்திலிருந்தே ரப்பர் முறுக்கிய துணி மாதிரி நிற்கும். அதன்மேல்தான் ஒவ்வொரு குழியும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. முறுக்கிய புஷ்ஷும் ஒரு ஸ்பிரிங் போல வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். தம்பிக்குப் பின்பக்கம் உயரமாகத் தெரிந்திருக்கிறது. உடனே உயரம் மாற்ற இருக்கும் ஸ்பிரிங் தட்டை இன்னும் கீழே இறக்கியிருக்கிறார். புஷ் கிழிந்ததும் அந்தத் தாங்கல் போய்விட்டது, வண்டி அவர் நினைத்ததைவிடக் கீழே உட்கார்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே நாளில் கிழியாதே, அதனால்தான் சாய்வு.

எனவே வீட்டில் செய்வதாக இருந்தால், எந்த நட்டையும் தொடுவதற்கு முன் ஒரு டேப்பை எடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, வீலின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே வீல் ஆர்ச் விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று நான்கு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று குறைந்தாலும் கணக்கு மாறும்; வீல் நடுவிலிருந்து அளந்தால் அந்தத் தொல்லை இல்லை. 365 இருக்கிறது, 25 இறக்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் இலக்கு 340. எல்லாம் மாட்டியபிறகு லோயர் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் இன்னொரு ஜாக்கியை வைத்து, அந்த 340 வரும்வரை மெதுவாகத் தூக்குங்கள். வண்டியின் உடல் ஸ்டாண்டை விட்டு எழும்புகிறதா என்று ஒரு கண் அங்கேயும் இருக்கட்டும். அளவு வந்ததும் புஷ் போல்ட்டுகளை முறுக்குங்கள். அதுவரை அவை கை இறுக்கத்தில் இருந்தால் போதும்.

பின்னால் உயரம் மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வண்டியில் பின் ஸ்பிரிங் ஷாக்கோடு சேர்ந்து இல்லை, தனியாக லோயர் ஆர்மின் மேல், சக்கரத்தைவிட உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அங்கே 10 மி.மீ. இறக்கினால் சக்கரத்தில் அதைவிடக் கூடுதலாக இறங்கும். முன்பக்கம் அப்படியில்லை, கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று.

இப்போது ஸ்பிரிங் விஷயம். வீட்டில் செய்கிறவர்கள் விரலையும் பல்லையும் பணயம் வைப்பது இங்கேதான்.

நான் தொழில் கற்றுக்கொண்ட ஷெட்டின் கூரை ஆஸ்பெஸ்டாஸ். அதில் ஓர் உள்ளங்கை அகல ஓட்டை இருந்தது. மழை நாளில் அதற்கு நேர் கீழே ஒரு வாளி வைப்போம். எனக்கு முன்னால் இருந்த பையன் ஸ்பிரிங்கை நெருக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் போடாமல், ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த முன்பக்கத் தூண்) மேல் நட்டைக் கழற்றியபோது தெறித்துப் போன டாப் மவுண்ட் (அதன் உச்சியில் உட்காரும் தாங்கி) போட்ட ஓட்டை அது. அவன் குனிந்து பார்க்காமல் நிமிர்ந்து நின்றதால் தப்பித்தான். வண்டியிலிருந்து கழற்றிக் கையில் வைத்திருக்கும் ஸ்ட்ரட்டில் பாரம் எதுவும் இல்லை என்று தோன்றும். ஆனால் ஸ்பிரிங்கை நெருக்கித்தான் உள்ளே மாட்டியிருக்கிறார்கள். இந்த ரக வண்டியில் முன் சக்கரம் ஒன்றின் மேல் ஏறத்தாழ 400 கிலோ ஏறுகிறது. அதைத் தாங்கச் செய்த ஸ்பிரிங் அது.

"நான் புது காயில் ஓவர்தானே போடுறேன், பழைய ஸ்ட்ரட்டை ஏன் பிரிக்கப் போறேன்?" என்று கேட்பீர்கள். பெட்டியைத் திறக்கும்போதுதான் தெரியும்: பல கிட்டுகளில் முன்பக்க டாப் மவுண்டும் பேரிங்கும் வராது. பழையதிலிருந்து எடுத்துப் போடச் சொல்லும் குறிப்புத்தாள்தான் வரும். அப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆகியிருக்கும், வண்டி ஸ்டாண்டில் நிற்கும், பக்கத்துக் கடையில் வாடகைக்குக் கிடைக்கும் தேய்ந்துபோன கம்ப்ரஸரைத் தேடி ஓடுவீர்கள். என் யோசனை இது: கிட் வாங்கும்போதே புது டாப் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசாக அமுங்கும்போது இடி வாங்கும் ரப்பர்), கூடவே புது நட்டு போல்ட்டு எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பழைய ஸ்ட்ரட்டைப் பிரிக்கவே வேண்டாம். புதிய மவுண்டைப் புது ஸ்ட்ரட்டில் மாட்டும்போது, ஸ்பிரிங் தட்டைக் கீழே இறக்கிவிட்டால் பெரும்பாலான கிட்டுகளில் ஸ்பிரிங் தளர்வாக இருக்கும், கம்ப்ரஸரே தேவைப்படாது. மேல் நட்டில் மட்டும் இம்பேக்ட் கன்னை வைக்காதீர்கள். ஷாஃப்ட் உள்ளே கிரகிரவென்று சுற்றி சீல் போய்விடும். ஆலன் கீயால் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு கையால் முறுக்குங்கள்.

நட்டு போல்ட்டைப் புதிதாக வாங்கச் சொன்னது கடைக்காரருக்கு வியாபாரம் தேட அல்ல. இந்த வண்டிகளில் பல போல்ட்டுகள் ஓர் அளவு டார்க்கும் அதன்மேல் கோணக் கணக்கில் கூடுதல் திருப்பும் சேர்த்து முறுக்கப்படுபவை. முறுக்கும்போதே கொஞ்சம் நீண்டுவிடும். ஒருமுறை நீண்டதை மறுபடி போட்டால் பிடிமானத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

வண்டியை எங்கே தூக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். தம்பி செய்தது அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், பேவர் பிளாக் மேல். எனக்குக் கேட்கும்போதே வயிற்றைக் கலக்கியது. பாரம் ஏறினால் ஸ்டாண்டின் கால் ஒரு கல்லை மட்டும் அழுத்தும், அது மணலுக்குள் இறங்கும். கான்கிரீட் தரைதான் வேண்டும். டிக்கியில் வரும் ஜாக்கி பஞ்சர் மாற்ற மட்டும். ஆயில் ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. கழற்றிய சக்கரத்தைப் பக்கவாட்டுச் சட்டத்துக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஸ்டாண்டு சரிந்தாலும் வண்டி அதன்மேல் உட்காரும், உங்கள் மேல் இல்லை.

முன்பக்கம் ஸ்ட்ரட், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்குள் இறுக்கமாகச் சொருகியிருக்கும். அந்தப் பிளவைக் கொஞ்சம் விரிக்க ஸ்ப்ரெடர் என்று சின்னத் துண்டு ஒன்று கிடைக்கிறது. உளியும் சுத்தியலும் அதற்கு மாற்று இல்லை. நக்கிளை வெளிப்பக்கம் ரொம்ப இழுத்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் பிரிய வாய்ப்புண்டு; பிரேக் ஹோஸில் பாரம் தொங்கக் கூடாது. கயிறு போட்டுக் கட்டுங்கள், போதும்.

எவ்வளவு இறக்கலாம்? 25, மிஞ்சினால் 30 மி.மீ. அதற்குமேல் இறக்கி, வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி ஒட்டிக்கொண்டு போகும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். இப்படி முன்பக்கம் ஸ்ட்ரட் உள்ள (மெக்ஃபெர்சன்) வண்டியை ரொம்ப இறக்கினால் லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாயும், ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாயுமோ அது) வண்டியின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போகும், வளைவில் சாய்வது அதிகமாகும். பம்ப் ஸ்டாப் வேறு சீக்கிரம் இடிக்கும். வேகத்தடை இருக்கவே இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அகலத்தில் ஒன்றை நீங்கள் எங்காவது பார்த்தால் எனக்கும் சொல்லுங்கள்.

ஷாக்கில் இறுக்கம் மாற்றும் கிளிக் குமிழ் இருந்தால், அதை முழு இறுக்கத்துக்குத் திருப்பி அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், இடதும் வலதும் ஒரே எண்ணிக்கை. முடிவில் நின்றபிறகு பலம் காட்டாதீர்கள்.

மாட்டியதும் அலைன்மென்ட் கடைக்கு மெதுவாக ஓட்டிப் போய் டோவை (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) சரிபாருங்கள். உயரம் மாறினால் டோவும், சக்கரத்தின் சாய்வான கேம்பரும் மாறும். டோ தப்பினால் டயரின் உள்விளிம்பு வெளியே தெரியாமல் கம்பி வரைக்கும் தேய்ந்திருக்கும். சில நூறு கிலோமீட்டரில் ஸ்பிரிங் கொஞ்சம் உட்காரும். மறுபடி அளந்து, உயரத்தைத் தொட்டிருந்தால் மறுபடி அலைன்மென்ட். வீல் போல்ட்டை முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறை டார்க் ரென்ச்சால் பாருங்கள், ஆக்டேவியாவுக்கு 120 நியூட்டன் மீட்டர். தானாக ஏறி இறங்கும் ஹெட்லைட் இருந்தால் அதன் உயர சென்சாருக்கு ஸ்கேனரில் புது உயரத்தைப் பதிய வேண்டும். இல்லையென்றால் எதிரே வருபவர் உங்களைத் திட்டுவார், அல்லது உங்களுக்கே ரோடு தெரியாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் மாட்டினால் கிளெய்ம் நேரத்தில் அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும். மாட்டுவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பியின் வண்டிக்குப் புது புஷ் அழுத்தி, உயரம் வைத்து, தரை நிலையில் முறுக்கிக் கொடுத்தோம். முனகல் போயிற்று. அவருடைய பழைய ஸ்ட்ரட் இரண்டும் எங்கே என்று கேட்டேன். டாப் மவுண்டுக்காகப் பிரித்ததை அப்படியே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாராம். அடுத்த வருஷம் வண்டியை விற்கும் எண்ணம் வேறு இருக்கிறதாம். வாங்க வந்த முதல் ஆளே கேட்டிருக்கிறார்: "கம்பெனி சஸ்பென்ஷன் வச்சிருக்கீங்களா?"