சீட்டை ஏற்றினால் போதுமா?

என் மச்சானுக்கு ஆறடி இரண்டு அங்குல உயரம். கியர் சைக்கிள் வாங்கப் போனார். கடைக்காரர் சீட்டை நன்றாக உயர்த்தி, "ஏத்தியாச்சுல்லா அண்ணாச்சி, இனி சரியா இருக்கும்" என்று அனுப்பிவைத்தார். பேட்டையிலிருந்து சேரன்மகாதேவி சாலையில் ஒரு மாதம் மிதித்தார். முழங்கால் நன்றாகவே இருந்தது. உள்ளங்கைதான் மரத்துப்போனது, கழுத்தும் பிடித்துக்கொண்டது.

கடைக்காரர் சொன்னது பாதி சரி. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருந்தால் காலுக்குச் சுகம். அதைச் சீட்டின் உயரமே பார்த்துக்கொள்ளும். ஆனால் சீட் கம்பி செங்குத்தாக நிற்பதில்லை. தரையோடு சுமார் 73 பாகையில் பின்பக்கம் சாய்ந்திருக்கும். கம்பியை 10 செ.மீ. இழுத்தால் சீட் சுமார் 9.6 செ.மீ. மேலே போகும், கூடவே சுமார் 3 செ.மீ. பின்னாலும் போகும். ஹேண்டில்பார் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். மச்சானுக்குக் கால்தான் நீளம், இடுப்புக்கு மேல் உடம்பு என் அளவுதான். அதனால் ஹேண்டில்பார் அவருக்கு எட்டவும் இல்லை, மிகத் தாழ்ந்தும் போனது. குனியக் குனிய உடம்பின் பாரம் கையில் இறங்கியது. ஆனி, ஆடியில் மேல்காற்றை எதிர்த்துப் போகும்போது குனிவது லாபம்தான். நாள் முழுக்க என்றால் யாரால் முடியும்?

இடுப்புக்கு மேல் உடம்பு நீண்டவருக்குச் சிக்கல் வேறு. சீட் பின்னால் போகும் அந்த 3 செ.மீ. அவருக்குப் போதாது, இடுக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

கடையில் '26 அங்குலம்' என்பார்கள். பெரும்பாலும் அது சக்கரத்தின் அளவு, பிரேமின் அளவல்ல. உயரமானவர்கள் பார்க்க வேண்டியவை ஸ்டாக், ரீச் என்ற இரண்டு எண்கள். இரண்டு பெடல் கைகளையும் இணைக்கும் அச்சின் மையத்திலிருந்து ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாயின் உச்சி எவ்வளவு மேலே இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னே இருக்கிறது என்பது ரீச். சீட்டை எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம், இந்த இரண்டும் பிரேமோடு பிறந்தவை. பெரிய பிரேமில் அந்தக் குழாயே நீளம், அதனால் ஹேண்டில்பாரும் கூடவே உயரும். தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளில் வேட்டி கட்டியவர்கள் நிமிர்ந்து போனதற்கும், உயர்ந்து பின்னோக்கி வளைந்த ஹேண்டில்பார்தான் காரணம்.

சீட் கம்பியில் ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அது எப்போதும் குழாய்க்குள் மறைந்திருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் கம்பி வளையலாம், பிரேமே விரிசல் விடலாம். மச்சானின் சைக்கிளில் அந்தக் கோடு ஒரு விரல்கடை வெளியே தெரிந்தது. கடைக்காரரிடம் காட்டினோம். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் பெரிய பிரேம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.