பேக்கப்: சொல்லும் பொருளும், தமிழ்ல காப்புப்படி

பேக்கப் எடுத்து வச்சிருக்கீங்களான்னு யாரைக் கேட்டாலும் ஆமான்னுதான் பதில் வரும், ஆனா என்ன பண்ணி வச்சிருக்கீங்கன்னு அடுத்த கேள்வி கேட்டா ஒருத்தர் போட்டோ எல்லாத்தையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்திட்டேன் என்பார், இன்னொருத்தர் எல்லாம் கிளவுட்ல இருக்கு என்பார், மூணாவது ஆள் அதே டிஸ்க்ல டி டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வச்சிருப்பார். இந்த மூணுல எதையுமே நான் பேக்கப்னு சொல்ல மாட்டேன். ஏன்னு புரிய அந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சு, தமிழ்ல அதுக்கு எது சரியா உக்காருதுன்னு பாத்தாலே போதும்.

இங்கிலீஷ்ல 'பேக்'னா முதுகு, பின்பக்கம். 'பேக் அப்' முதல்ல வினைச்சொல்லாத்தான் இருந்துச்சு, ஒருத்தருக்குப் பின்னாடி நின்னு தாங்குறது, துணை நிக்கிறதுன்னு அர்த்தம், 18ஆம் நூற்றாண்டுலயே இந்தப் பொருள் இருக்கு. அப்புறம் 20ஆம் நூற்றாண்டுல அதுவே பெயர்ச்சொல்லாகி, முதல்ல இருக்குறது விழுந்தா அந்த இடத்துக்கு வர தயாரா நிக்கிற ஆள் இல்லேன்னா பொருள்னு ஆச்சு, 1960கள்ல கம்ப்யூட்டர் தகவலோட நகலையும் அப்படியே சொல்ல ஆரம்பிச்சாங்க. பேட்டரி பேக்கப், பேக்கப் பிளான்னு நாம சொல்றதெல்லாம் அந்த 'தயாரா நிக்கிற' பொருள்லதான். (ஷூட்டிங் முடிஞ்சு பேக்கப்னு சொல்றாங்களே, அது வேற சொல்லு, மூட்டை கட்டுறதுங்குற 'பேக்'. நம்ம எழுத்துல ரெண்டுக்கும் ஒரே 'ப'ங்குறதால ஒண்ணு மாதிரி தெரியுது, அவ்வளவுதான்.)

தமிழ்ல இதுக்கு நாலஞ்சு சொல்லு புழங்குது. காப்புநகல், காப்புப்பிரதி, காப்புப்படி, சில பேர் வெறும் காப்பு. போனைத் தமிழ்ல வச்சிருக்குறவங்க காப்புப் பிரதிங்குறதைப் பாத்திருப்பீங்க. எல்லாத்துலயும் முன்னாடி நிக்கிற 'காப்பு' ஒண்ணுதான், 'கா'ங்குற வேர்லேருந்து வந்தது, காக்குறது, காவல், காப்பாத்துறது எல்லாம் அதே குடும்பம். பழைய நூல்கள்ல முதல் பாட்டைக் காப்புச் செய்யுள்னு சொல்றதும் இதனாலதான், எடுத்த நூல் இடையூறு இல்லாம முடியணும்னு பாடுறது. பின்னாடி வர்ற சொல்லுலதான் வித்தியாசம்: நகல் அரபியிலேருந்து உருது வழியா வந்துச்சு, பிரதி சமஸ்கிருதம், ரெண்டுமே நல்லாப் பழகின சொல்லு, தப்பே இல்ல. ஆனா என் ஓட்டு காப்புப்படிக்குத்தான். கையெழுத்துப்படி, அச்சுப்படின்னு இப்பவும் சொல்றோம், கல்வெட்டுல தாளை ஒத்தி எழுத்தைப் பதிச்சு எடுக்குறதுக்குப் பேரே படியெடுக்குறது, ஓலைச்சுவடி செல்லரிச்சுப் போறதுக்குள்ள புது ஓலையில எழுதி வச்சதும் படியெடுக்குறதுதான். வினையாவும் சிக்கல் இல்லாம வருது, 'காப்புப்படி எடு'ன்னா முடிஞ்சுது. மாடிப்படி, அளக்குற படின்னு குழப்பம் வரும்னு சில பேர் சொல்றாங்க, முன்னாடி காப்புன்னு ஒட்டுனப்புறம் யாருக்கும் அந்தக் குழப்பம் வராதுன்னுதான் எனக்குத் தோணுது.

இன்னொண்ணு, பேக்கப்பைக் காப்பகம்னு எழுதுறாங்க, அது சரியில்ல. காப்பகம்னா ஆர்க்கைவ், இனி அடிக்கடி தேவைப்படாததை எடுத்து ஒரு இடத்துல பத்திரமா வைக்கிறது. அங்க இருக்குறது மூலமே, படி இல்ல. இங்கதான் அந்த முதல் ஆள் மாட்டிக்கிறார்: போட்டோவை எல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாத்திட்டு கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டார்னா அவர் கையில இருக்குறது ஒரே ஒரு பிரதி, அந்த டிஸ்க் கீழ விழுந்தா எல்லாம் போச்சு. அதாவது அவர்கிட்ட படி இல்ல. மூணாவது ஆள்கிட்ட படி இருக்கு, காப்பு இல்ல, ஏன்னா சி டிரைவும் டி டிரைவும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கோட ரெண்டு பாகம்தான், டிஸ்க் செத்தா ரெண்டும் சேந்து சாகும்.

கிளவுட்ல இருக்குங்குற ரெண்டாவது ஆளுக்கு விஷயம் இன்னும் நுணுக்கம். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் இதெல்லாம் அடிப்படையில சிங்க் பண்றது, தமிழ்ல ஒத்திசைவு, ரெண்டு இடத்தையும் எப்பவும் ஒரே மாதிரி வச்சிருக்குறதுதான் அதோட வேலை. நீங்க இங்க ஒரு ஃபோல்டரைத் தெரியாம அழிச்சா அங்கயும் அழியும், இங்க ஃபைல் கெட்டுப்போனா கெட்டுப்போன ஃபைலே அங்கயும் போய் உக்காரும். குப்பைத்தொட்டியில கொஞ்ச நாள் இருக்கும், கூகுள் டிரைவ்ல 30 நாள், அதுக்குள்ள நீங்க கவனிச்சா சரி, ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை திறக்குற ஃபோல்டர் காணாமப் போனதை 30 நாளுக்குள்ள யார் கவனிப்பாங்க? ரெய்டுங்குற (RAID) ஏற்பாட்டைப் போட்டு ரெண்டு டிஸ்க்ல ஒரே நேரத்துல எழுதுறதும் இதே கதைதான், ஒரு டிஸ்க் செத்தா வேலை நிக்காம ஓடும், ஆனா நீங்க அழிச்சா ரெண்டுலயும் ஒரே நொடியில அழியும். காப்புப்படின்னா நேத்து எப்படி இருந்துச்சு, போன மாசம் எப்படி இருந்துச்சுன்னு பழைய நிலையும் அதுல இருக்கணும். ஆப்பிளோட டைம் மெஷின் 2007லேருந்து இதைத்தான் பண்ணுது, கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கொண்ணு, போன ஒரு மாசத்துக்கு நாளுக்கொண்ணு, அதுக்கும் முன்னாடிக்கு வாரத்துக்கொண்ணு, டிஸ்க் நிறைஞ்சா பழசுலேருந்து கழிச்சுக்கும். விண்டோஸ் 8ல வந்த ஃபைல் ஹிஸ்டரியும் இந்த ரகம்தான், லினக்ஸ்ல டெஜா டூப் இருக்கு.

எத்தனை படி வேணும்ங்குறதுக்கு 3-2-1ன்னு ஒரு கணக்கு பரவலா இருக்கு, பீட்டர் க்ரோக்னு ஒரு அமெரிக்க போட்டோகிராஃபர் பேர்ல சொல்லுவாங்க. மூலத்தோட சேத்து மூணு படி, ரெண்டு வேற வேற வகை ஊடகம், அதுல ஒண்ணாவது வேற இடத்துல. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இதை இழுத்துப் போட்டுக்க வேண்டியதில்ல, கம்ப்யூட்டர்ல மூலம், எக்ஸ்டர்னல் டிஸ்க்ல ஒண்ணு, பழைய வெர்ஷனையும் வச்சுக்குற ஆன்லைன் பேக்கப் சேவையில ஒண்ணு, முடிஞ்சுது. ஆன்லைன் வேண்டாம்னா ரெண்டாவது டிஸ்க் வாங்கி நம்பிக்கையான சொந்தக்காரங்க வீட்டுல வச்சு அப்பப்ப மாத்திக்கலாம். வேற இடம்ங்குறதை மட்டும் விட்டுடாதீங்க, தீயோ வெள்ளமோ திருட்டோ வந்தா கம்ப்யூட்டரும் அது பக்கத்துல இருக்குற டிஸ்க்கும் சேந்தேதான் போகும். அதே மாதிரி எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எப்பவும் செருகியே வைக்காதீங்க. 2017 மே மாசம் பரவுன வான்னாக்ரை மாதிரி ரேன்சம்வேர், அதாவது ஃபைலைப் பூட்டி வச்சுப் பணம் கேக்குற கெட்ட புரோகிராம், உள்ள வந்தா இணைஞ்சிருக்குற டிஸ்க்கையும் சேத்துப் பூட்டிடும், கழட்டி வச்ச டிஸ்க்கை அதால தொட முடியாது. பென்டிரைவை நம்பி வருஷக்கணக்குல அலமாரியில போடுறதும் வேண்டாம், கரண்ட் இல்லாம கிடந்தா அதுல இருக்குற மின்னேற்றம் மெல்லக் கசியும்.

எதை எடுக்கணும்னா, திரும்பக் கிடைக்காததை. ஆபரேட்டிங் சிஸ்டமும் சாஃப்ட்வேரும் மறுபடி டவுன்லோட் பண்ணிக்கலாம், குடும்பப் போட்டோவும் நீங்களே எழுதுனதும் எங்கயும் கிடைக்காது. எப்பப்பன்னா, எத்தனை நாள் வேலை போனா தாங்குவீங்களோ அத்தனை நாளுக்கு ஒருதடவை, அதையும் ஆட்டோமேட்டிக்கா வச்சுடுங்க, ஞாபகத்தை நம்புனா நின்னு போயிடும்.

இந்தச் சொல்லோட ஜோடிச் சொல்லு ரீஸ்டோர், தமிழ்ல மீட்டெடுக்குறது, இது நடக்கலேன்னா காப்புங்குற பேருக்கே அர்த்தம் இல்ல. சாஃப்ட்வேர் எழுதுறவங்களோட கோடைச் சேமிச்சு வைக்கிற கிட்லேப் நிறுவனத்துல 2017 ஜனவரி 31 அன்னிக்கு ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸை அழிச்சுட்டார், அஞ்சு வகை பேக்கப் ஏற்பாடு இருந்தும் ஒண்ணு கூட நம்புற மாதிரி வேலை செய்யலேன்னு அவங்களே வெளிப்படையா எழுதுனாங்க, கிட்டத்தட்ட 6 மணி நேரத் தகவல் போயிடுச்சு. அதை வேலையாவே பாக்குறவங்களுக்கே அப்படின்னா வீட்டுல நாம பாத்துக்கத்தான் வேணும். மூணு மாசத்துக்கு ஒருதடவை காப்புப்படியிலேருந்து ஒரு பழைய போட்டோ, ஒரு டாக்குமென்ட், ஒரு வீடியோ எடுத்து வேற ஒரு ஃபோல்டர்ல மீட்டுத் திறந்து பாருங்க, வீடியோவைக் கடைசி வரைக்கும் ஓட விட்டுப் பாருங்க, பாஸ்வேர்டு போட்டு என்க்ரிப்ட் பண்ணியிருந்தா அந்தப் பாஸ்வேர்டை அந்தக் கம்ப்யூட்டருக்கு வெளிய ஒரு தாள்லயும் எழுதி வைங்க.