கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்: சென்னையில் ‘கமர்சியல்’ இடம் என்றால் எது?

எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு வீட்டின் தரைத்தளத்தை வாடகைக்கு எடுத்து பேக்கரி போட்டார். அட்வான்ஸ் மட்டும் பத்து மாத வாடகை. ஓவன், கண்ணாடி அலமாரி, பெயர்ப்பலகை எல்லாம் கடனில். தொழில் உரிமம் வாங்கினார், உணவுப் பாதுகாப்புப் பதிவு செய்தார், கரண்டை வணிகக் கட்டணத்துக்கு மாற்றினார், ஜிஎஸ்டி எண்ணும் எடுத்தார். நாலு அலுவலகமும் வேண்டியதை வாங்கிக்கொண்டு காகிதம் கொடுத்தன. எட்டாவது மாதம் ஐந்தாவது அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து சீல் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கட்டடத்துக்கு வாங்கியிருந்த அனுமதி குடியிருப்புக்கு. கடை இருந்த இடம் வரைபடத்தில் வண்டி நிறுத்துமிடம். இதை முதல் நான்கு அலுவலகங்களில் ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை. கேட்பது அவர்கள் வேலை இல்லையாம்.

சட்டப் பின்னணி இவ்வளவு போதும். 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம்தான் அடிப்படை. சென்னைப் பெருநகருக்கு 2008-ல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பயன்பாட்டைக் குறித்திருக்கிறது: ஆதாரக் குடியிருப்பு (முக்கியமாக வீடுகளுக்கு), கலப்புக் குடியிருப்பு (வீட்டோடு கடைகளும் வரலாம்), வணிகம், நிறுவனம் (பள்ளி, மருத்துவமனை போன்றவை), தொழில், விவசாயம் என்று. எந்தப் பயன்பாட்டில் எதைக் கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்பதை 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சொல்கின்றன.

நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு. இந்த நிலம் எந்தப் பயன்பாட்டில் இருக்கிறது? இந்தக் கட்டடத்துக்கு எதற்காக அனுமதி வாங்கினார்கள்? இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். பெரும்பாலானோர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். பலர் அதையும் கேட்பதில்லை.

முதல் சிக்கல் வார்த்தையிலேயே இருக்கிறது. ‘மண்டலம்’ என்றால் பயன்பாட்டு மண்டலமும் உண்டு, மாநகராட்சியின் நிர்வாக மண்டலமும் உண்டு. “எங்க இடம் எந்த மண்டலம்?” என்று மண்டல அலுவலகத்தில் கேட்டால் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லி அனுப்புவார்கள். அது வார்டு கணக்கு, உங்களுக்கு உதவாது. “நில உபயோகம்” என்று கேளுங்கள். அதைச் சொல்ல வேண்டியது எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சிஎம்டிஏ. அங்கே போகாமல் அவர்களுடைய இணையதளத்திலேயே கிராமத்தையும் சர்வே எண்ணையும் போட்டுப் பார்க்கலாம்.

பார்க்கும்போது தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘கிராமம்’ என்பது வருவாய்க் கிராமம். உங்கள் தபால் முகவரியில் இருக்கும் பேட்டை, நகர், காலனி எதுவும் அங்கே இருக்காது. பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும், பட்டாவில் நகர சர்வே எண் இருக்கும். இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒரே எண்ணில் ஒரு பகுதி வணிகம், மீதி குடியிருப்பு என்றும் வரும். உங்கள் கடை எந்தப் பகுதியில் விழுகிறது என்பதை வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். வீட்டு உரிமையாளர் விரலை நீட்டிக் காட்டுவதை நம்பாதீர்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் தனியாகப் போட்ட திட்டம், அதாவது விரிவான வளர்ச்சித் திட்டம், இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள்.

தரகர்கள் சொல்வதில் சில திரும்பத் திரும்பக் காதில் விழும். “மெயின் ரோடு சார், கமர்சியல்தான்.” சாலையைப் பார்த்து நிலத்தின் பயன்பாடு மாறாது. “ரெஜிஸ்டர் ஆபீஸ்லயே கமர்சியல் வேல்யூதான் போட்டிருக்கு.” வழிகாட்டி மதிப்பு முத்திரைத்தாள் கட்டணத்துக்கான கணக்கு, திட்ட அனுமதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. “சொத்து வரி கமர்சியலாத்தான் கட்டுறோம்.” வரி வாங்குவதும் அனுமதி கொடுப்பதும் வேறு வேறு. அனுமதி இல்லாத கட்டடத்துக்கும் வரி போடுவார்கள், அந்த ரசீது நீதிமன்றத்தில் நிற்காது. “அடுத்த மாஸ்டர் பிளான்ல மாறிடும்.” மாறட்டும். அரசாணை வந்து அமலாகும் வரை இன்றைய வரைபடம்தான் செல்லும்.

“இருபது வருஷமா இங்க கடை ஓடுது, யார் என்ன செய்துவிட முடியும்?” என்பது இருப்பதிலேயே ஆபத்தான பேச்சு. உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில், சாஸ்திரி நகரில் குடியிருப்பு மனையில் கட்டப்பட்ட கடைகளை இடிக்கும் உத்தரவு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 டிசம்பர் 17 அன்று நீதிமன்றம் அந்த உத்தரவை உறுதி செய்தது. பல வருடம் ஆகிவிட்டது, பணம் போட்டுவிட்டோம், அதிகாரிகள் அப்போது சும்மா இருந்தார்கள் என்ற எதுவும் எடுபடவில்லை. அனுமதியற்ற கட்டடத்தில் தொழில் நடத்த எந்த அமைப்பும் உரிமம் தரக்கூடாது, அனுமதிப்படி கட்டி முடித்ததற்கான நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் பேரில் வங்கி கடன் தர வேண்டும் என்றும் நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. சும்மா இருந்த அதிகாரிகள் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஆனால் கடைக்காரருக்கு முதலில் வந்து சேர்வது பூட்டு.

சரி, குடியிருப்புப் பகுதியில் கடையே போடக்கூடாதா? போடலாம், அளவோடு. ஆதாரக் குடியிருப்பில் பெட்டிக்கடை, பால் விற்பனை, தையல் கடை, குடியிருக்கும் மருத்துவரோ வக்கீலோ தன் வீட்டிலேயே நடத்தும் அலுவலகம் போன்றவற்றுக்கு இடம் உண்டு. கலப்புக் குடியிருப்பில் இதைவிடப் பெரிய கடைகளும் வரலாம். பரப்பளவு, சாலை அகலம், மோட்டாரின் குதிரைத்திறன் எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. மாவு மில், வெல்டிங் பட்டறை போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்தக் குதிரைத்திறனில்தான். “சின்னக் கடைதானே” என்று தொடங்கி இரண்டாவது ஷட்டர், மூன்றாவது ஷட்டர் என்று வளரும்போதும் இதே கதைதான்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. நிலம் வணிகப் பயன்பாட்டில்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வணிகப் பகுதியில் வீடும் கட்டலாம். உங்கள் உரிமையாளர் வீடு என்று சொல்லி அனுமதி வாங்கியிருந்தால், அதில் கடை வைப்பது பயன்பாட்டு மாற்றம். அதற்குத் தனி அனுமதி வேண்டும். விதிப்படிதான் கட்டுகிறேன் என்று உரிமையாளரே உறுதி கொடுத்து அனுமதி வாங்கும் சுயசான்றுத் திட்டம் 2024 ஜூலையில் வந்தது, அதில் பலர் வேகமாக அனுமதி வாங்கியிருக்கிறார்கள். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் உடனடி அனுமதி. தொடங்கியபோது அது வீட்டுக்கு மட்டும். புதுக் கட்டடத்தில் கடை பார்க்கிறீர்கள் என்றால் அனுமதி எந்தத் திட்டத்தில் வாங்கியது என்று கேட்காமல் விடாதீர்கள்.

ஸ்டில்ட் தளத்தை, அதாவது தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளத்தைச் சுவர் எழுப்பிக் கடையாக்கியிருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். சோதனைக்கு வருபவர் கையில் வரைபடம் இருக்கும்; காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று கட்டம் போட்ட இடத்தில் உங்கள் கல்லா இருக்கும். வேறு எதையும் அவர் அளக்கவே தேவையில்லை.

அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை, முத்திரையும் அனுமதி எண்ணும் தெரிகிறமாதிரி, உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். “லாயர்கிட்ட இருக்கு”, “பேங்க்ல இருக்கு” என்பார். பேங்கில் இருந்தால் நகல் எடுப்பது கஷ்டமில்லை. தராவிட்டால் 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சிறிய கட்டடத்துக்கு மாநகராட்சியோ பஞ்சாயத்தோ அனுமதி கொடுத்திருக்கும், பெரியதற்கு குழுமம். ஒருவர் மற்றவரைக் கை காட்டுவது வழக்கம், அதனால் இருவருக்கும் மனு போடுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். அதுவரை அட்வான்ஸைக் கையில் வைத்திருங்கள். கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், அனுமதிக் குறைவால் சீல் விழுந்தால் அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இந்த வரிக்குக் கையெழுத்துப் போட மறுக்கிற உரிமையாளருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும்.

நிலத்தின் பயன்பாட்டையே மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது உரிமையாளர் செய்ய வேண்டிய வேலை. விண்ணப்பம், கட்டணம், பத்திரிகை விளம்பரம், அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபணை, குழுமத்தின் முடிவு, அரசிதழ் அறிவிப்பு என்று மாதக்கணக்கில் இழுக்கும். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கவே பாதி நாள் போய்விடும். அதற்குள் நீங்கள் வாடகை கட்டிக்கொண்டிருப்பீர்கள். “ரெகுலரைஸ் பண்ணிடலாம்” என்பவரிடம் கட்டடம் எப்போது கட்டியது என்று கேளுங்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவில் வந்த வரன்முறைத் திட்டம், அதாவது ரெகுலரைஸ் செய்யும் திட்டம், 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்கு மட்டும்.

ஏற்கெனவே கடை போட்டு நோட்டீஸ் வந்துவிட்டதா? வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் கதவில் ஒட்டிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள், கெடு அன்றிலிருந்து ஓடும். உரிமையாளர் பெயருக்கு வந்த நோட்டீஸ் உங்களுக்கு வந்து சேராமலேயும் போகலாம், அதனால் அவரிடம் அடிக்கடி கேளுங்கள். பூட்டி முத்திரையிடுவதை எதிர்த்து அதே சட்டத்தின் 80-ஏ பிரிவில் அரசிடம் முறையிடலாம். அந்த மனுவைப் போட்டுவிட்டு, கெடு முடிவதற்குள் கணக்குப் புத்தகத்தையும் சரக்கையும் வெளியே எடுத்துவிடுங்கள். பேக்கரிக்காரர் மனு கொடுத்தாகிவிட்டது என்று நம்பிக் காத்திருந்தார். சீலுக்குப் பிறகு உள்ளே இருந்த மைதா மூட்டைகளை எடுக்கவே அவர் இன்னொரு மனு எழுத வேண்டியிருந்தது. அனுமதி வந்தபோது மாவில் வண்டு விழுந்திருந்தது.