எடை மெஷினும் வைனும்

கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு கடை. எடைச் சீட்டு போடுவதற்கென்று யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த விண்டோஸ் நிரல் ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. மழைக்கால ஈரத்தில் கணினி படுத்துவிட, என்னிடம் சும்மா கிடந்த லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொண்டுபோனேன். "தம்பி, நம்ம எடை ப்ரோக்ராம் இதுல ஓடுமா?" என்றார் கடைக்கார அண்ணன்.

ஓடும், வைன் இருந்தால். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைக்கும் மென்பொருள் அது. 'வைன் ஒரு எமுலேட்டர் அல்ல' என்பதுதான் அந்தப் பெயரின் விரிவே. எமுலேட்டர் ஒரு முழுக் கணினியைப் போல நடிக்கும். வைன் அப்படிச் செய்வதில்லை. விண்டோஸ் நிரலில் இருப்பதும் அதே இன்டெல், ஏஎம்டி சிப்புக்கான கட்டளைகள்தான். கிலோவை விலையால் பெருக்கும் வேலையை சிப் நேராகவே செய்துவிடும்.

சிக்கல் வேறு இடத்தில். கோப்பைத் திற, ஜன்னல் வரை, அச்சடி என்று நிரல் எதற்கெடுத்தாலும் விண்டோஸைத்தான் கூப்பிடும். லினக்ஸில் அந்தப் பெயரில் கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை. அங்கேதான் வைன் வருகிறது. கெர்னல்32, என்டிடிஎல்எல் போன்ற விண்டோஸ் நூலகங்களை, அதாவது நிரல்கள் கூப்பிடும் கட்டளைத் தொகுப்புகளை, அதே பெயர்களில் புதிதாக எழுதி வைத்திருக்கிறது. நிரல் 'கிரியேட்ஃபைல்' என்று கேட்டால், சுற்றிச் சுற்றி அது கடைசியில் லினக்ஸின் 'ஓப்பன்' ஆகிவிடும். சி டிரைவ் என்று நிரல் நம்புவது லினக்ஸில் நம் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ஒரு சாதாரண கோப்புறை. விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. அதனால் கேட்ட பெயர் அப்படியே இல்லாவிட்டால் வைன் கோப்புறை முழுக்கத் துழாவும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட அழைப்புகள் ஆயிரக்கணக்கில் உண்டு. விண்டோஸின் கோணல்களையும் அப்படியே காட்ட வேண்டும், ஏனென்றால் அவற்றை நம்பி எழுதிய நிரல்களும் இருக்கின்றன. 1993இல் தொடங்கிய வேலை, 1.0 பதிப்பு வந்தது 2008இல்! விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்க 2018இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டானும் இதன் மேல் கட்டியதுதான். விளையாட்டுப் பிரியர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

நிரல் திறந்தது. தமிழ் இருந்த இடமெல்லாம் இங்கிலீஷ் குப்பை. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துரு. அதில் இங்கிலீஷ் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். பழைய டிஸ்க்கிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்து வைனின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் போட்டதும் 'பச்சை இலை' வந்தது.

எடை மெஷின்தான் பாடாய்ப் படுத்தியது. நிரலுக்கு காம்1 என்ற பழைய சீரியல் போர்ட் மட்டுமே தெரியும். நான் செருகியதோ யூஎஸ்பி வயர். இரண்டையும் இணைக்க வைனின் ரெஜிஸ்ட்ரியில், அதாவது அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தில், ஒரு வரி போதும். போட்டேன். அப்போதும் பூஜ்யம். நிரலின் அமைப்புகளையெல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மணி நேரம் வீண். கடைசியில் பார்த்தால் குற்றம் வைனுடையது அல்ல: நான் போட்ட லினக்ஸில் அந்தப் போர்ட்டைத் தொட, அதற்கு அனுமதி பெற்றவர்களின் 'டயல்அவுட்' குழுவில் பெயர் இருக்க வேண்டும், என் பெயர் இல்லை. சேர்த்துவிட்டு, லாக்அவுட் செய்து திரும்பி வந்தேன். அண்ணன் ஒரு மூட்டையைத் தூக்கித் தட்டில் வைத்தார். திரையில் 23.4.