ஒரே கவரில் மூன்று ஓடுகள்

தருமபுரியில் எங்கள் தெருப் பையன் ஒருவன் பிளாஸ்டிக் கவரை மேசைமேல் கவிழ்த்தான். மூன்று ஓடுகள். "ஒன்னு நம்ம கல் குவாரிகிட்ட எடுத்தது சார். மத்த ரெண்டும் டூர் போனப்ப பெரம்பலூர் பக்கம் காரையிலயும் அரியலூர்லயும் எடுத்தது. எது எங்கன்னு மறந்துடுச்சு. எல்லாமே புதைபடிவமா, கல்லா மாறின பழைய உயிரான்னு சொல்லுங்க."

குவாரி ஓட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். நம் ஊர்ப் பாறை நைஸ் (gneiss), சார்னகைட் வகை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. கடலில் ஓடுள்ள உயிர்கள் பெருகியதோ சுமார் 54 கோடி ஆண்டுக்கு முன்புதான். போதாததற்கு, இந்தப் பாறை பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது. அதில் சிப்பி தேடுவது வீண். பழுப்பு வரிகூட மங்காமல், உள்ளே சுக்கான் மண் இறுகிக் கிடந்த அந்த ஓடு, சமீபத்தில் செத்த நத்தை.

"புதைபடிவம்னா எலுமிச்சைச் சாறு விட்டா நுரைக்குமாமே?" என்றான். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். நத்தை ஓடும் நுரைக்கும். ஒகேனக்கல் பக்கம் பாறைக்குழம்பு உறைந்து உண்டான கார்பனடைட்டும் நுரைக்கும். தவிர, அமிலம் ஓட்டின் நுண்வரிகளைத் தின்றுவிடும்.

இரண்டாவது, கனத்த சிப்பி. ஒரு பாதி கிண்ணம்போல் குழிந்து, மறுபாதி தட்டையான மூடியாக இருந்தது. சாதாரண மட்டியில் இரு பாதியும் கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்திருக்கும். இப்படி ஒவ்வாமல் இருப்பது, ஒரு பாதியைத் தரையில் பதித்து வாழும் சிப்பி இனத்தின் அடையாளம். அரியலூர் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் இதுபோன்றவை குவியல் குவியலாக இருக்கின்றன. சிமெண்ட்டுக்கு வெட்டப்படும் கல் அது. ஆனாலும் இதை மட்டும் வைத்து எடுத்த ஊரை உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

மூன்றாவதுதான் அருமையானது. ஆட்டுக்கொம்பாய்ச் சுருண்ட அம்மோனைட், கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஓட்டுயிர். உண்மையில் அது ஓடே அல்ல. ஓட்டுக்குள் புகுந்த சேறு கல்லாகி, ஓடு கரைந்தபின் மிஞ்சிய அச்சு. ஓடு போனதால்தான் அதன் அழகே தெரிகிறது: உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடமெல்லாம் கறிவேப்பிலை இணுக்குபோலக் கிளைத்த கோடுகள். இனத்துக்கு இனம் இந்தக் கோலம் மாறும். வல்லுநர் கவனித்துப் பார்ப்பவற்றில் அதுவும் ஒன்று. அதனால் படம் எடுக்கும்போது பக்கவாட்டில், வயிற்றோரத்தில் (சுருளின் வெளி விளிம்பு), வாய்ப்புறத்தில் என மூன்று கோணம் வேண்டும். அருகில் ஸ்கேல் வேண்டும். வெயில் சாய்வாக விழும் காலை நேரம் நல்லது, மேடுபள்ளம் நிழலில் எழுந்து நிற்கும்.

ஆனால் காரைக் களிமண் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுப் பழசு. கல்லங்குறிச்சி 7 கோடி. ஒரு துண்டுச் சீட்டு எழுதாததில் 3 கோடி ஆண்டு நழுவிவிட்டது. இனி எடுத்த இடத்திலேயே போனில் ஜிபிஎஸ் குறித்துக்கொள், தனித்தனிக் கவரில் போடு, பாறையோடு ஒட்டியிருந்ததா உதிர்ந்து கிடந்ததா என்று எழுது என்றேன்.

ஓரத்தில் வெள்ளை கரெக்ஷன் மையைப் பொட்டாக வைத்து, காய்ந்ததும் 1, 2, 3 என்று எழுதினான். நோட்டில் 3-க்கு நேரே: "காரை அல்லது அரியலூர்?"