மே மாதம் வரை குரல் தாங்குமா, டீச்சர்?

மே முதல் வாரம் எங்கள் ஓ.பி. வரிசையைப் பார்த்தாலே பள்ளிக்கூடம் மூடிவிட்டது என்று தெரிந்துவிடும். காது மூக்கு தொண்டை மருத்துவராக ஆண்டுதோறும் இதைப் பார்க்கிறேன். பாதிப் பேர் ஆசிரியர்கள் போலத் தோன்றும், அவர்களிலும் பெண்களே அதிகம். "எப்போதிருந்து தொண்டை கட்டியிருக்கு?" என்று கேட்டால், "காலாண்டுப் பரீட்சைக்கு முன்னாடியே" என்பார்கள். அதாவது செப்டம்பர். ஏன் அப்போதே வரவில்லை என்றால் எல்லாரிடமும் ஒரே பதில்: "லீவு போட முடியல டாக்டர், பத்தாவது எடுக்கறேன்."

ஒரு கணக்கு டீச்சர் அக்டோபரிலேயே வந்தார். தொண்டைக்குள் பார்க்கும் ஸ்கோப் கருவியைப் போட்டுப் பார்த்தேன். குரலை எழுப்பும் மடிப்புகளான இரண்டு குரல்நாண்களிலும் எதிரெதிராகச் சின்ன, மெத்தென்ற வீக்கம். நாட்யூல் என்போம். அந்த நிலையில் ஒரு வாரம் பத்து நாள் குரலுக்கு ஓய்வு, அப்புறம் சில வாரம் ஸ்பீச் தெரபிஸ்டிடம் குரல் பயிற்சி, இதிலேயே பெரும்பாலும் வடிந்துவிடும். "இப்போ முடியாது, போர்ஷன் முடிக்கணும், மே லீவுல வர்றேன்" என்றார். நானும் சரி என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன். அன்று நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். மே மாதம் அவர் வந்தபோது வீக்கம் கெட்டிப்பட்டுக் காய்ப்பு மாதிரி ஆகியிருந்தது. அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அதன்பின் ஒரு வாரம் முழு மௌனம், தொடர்ந்து பயிற்சி. ஜூனில் பள்ளி திறந்தும் அவரால் போக முடியவில்லை. பத்து நாளை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு மாதம் மருத்துவ விடுப்பு எடுத்தார். காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தை முன்நின்று பாடிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது மேல் ஸ்தாயி எட்டுவதில்லையாம், வேறொரு டீச்சர் பாடுகிறார்.

குரல் ஏன் இப்படிக் கெடுகிறது? பெண்கள் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆண்களுக்குச் சுமார் 100 முதல் 120 முறை. ஒரு நாளில் நான்கு மணி நேரம் பாடம் நடத்துகிறார், அதில் பாதி நேரம் குரல் எழுகிறது என்று வைத்துக்கொண்டாலும் 14 லட்சம் மோதல்களைத் தாண்டும். கத்திப் பேசினால் ஒவ்வொரு மோதலும் இன்னும் பலமாக விழும். வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தடதடக்கும் மின்விசிறி, ஒரே அறையில் இரண்டு வகுப்பு, தகரக் கூரையில் மழை என்று இருக்கும் இடத்தில் டீச்சர் கத்தாமல் என்ன செய்வார்? அதனால் இது அவருடைய கவனக்குறைவு இல்லை. மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு வருவது போல, பாடம் நடத்திய தொண்டையில் வருகிறது.

விடுப்பு இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டு அரசு ஆசிரியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கும் விடுப்பு தனி, அது பணிக்காலத்தைப் பொறுத்துக் கூடும். ஈட்டிய விடுப்புதான் குறைவு. மற்ற அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 30 நாள் என்றால் ஆசிரியருக்கு 17 நாள், கோடை விடுமுறை இருப்பதால் அப்படி. உடம்புக்கு வருவதெல்லாம் கோடையில் வரட்டும் என்ற எண்ணம் அந்தக் கணக்கிலேயே இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றும். தனியார் பள்ளி டீச்சர்கள் நிலை இன்னும் கஷ்டம். மாதத்துக்கு ஒரு சி.எல்., அதற்கு மேல் சம்பளம் பிடிப்பு என்று பலர் சொல்கிறார்கள். ஓராசிரியர் பள்ளியில் இருப்பவருக்கோ, தான் வராவிட்டால் பள்ளியைத் திறக்க யார் வருவார் என்ற கவலை. இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தும்தான் லீவு போடுங்கள் என்கிறேன்.

குரல் கம்மல் எல்லாமே நாட்யூல் இல்லை. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். சளி காய்ச்சலோடு வந்த கம்மல் இரண்டு வாரத்தில் போய்விடும். நான்கு வாரம் தாண்டியும் நீடித்தால் குரல்நாணை ஸ்கோப்பில் பார்த்தே ஆக வேண்டும். புகைபிடிப்பவர் என்றால் நான்கு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். வயிற்றிலிருந்து தொண்டை வரை ஏறும் அமிலமாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், குரல்நாண் நரம்பு செயலிழந்திருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். குரல்நாணில் தொடங்கும் புற்று ஆரம்பத்திலேயே குரலை மாற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போதே பிடித்தால் பெரும்பாலானவர்களைக் கதிர்வீச்சு சிகிச்சையிலேயே குணப்படுத்தலாம். செப்டம்பரில் காட்டிக்கொடுத்ததை மே மாதம் வந்து கேட்டால் எப்படி?

கற்கண்டு மிளகு, அதிமதுரம் எல்லாம் நம் டீச்சர்களின் கைப்பையில் இருக்கும். தொண்டைக்கு இதமாக இருக்கும்தான். ஆனால் விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது, குரல்நாணைத் தொடுவதில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தினமும் சாப்பிட வேண்டாம், அழுத்தம் ஏறும். குரலுக்கு ஓய்வு என்றால் குசுகுசுவென்று பேசுவதும் இல்லை, அதுவும் பலருக்குத் தொண்டையை இறுக்கும். அடிக்கடி கனைப்பதையும் விடுங்கள். கனைக்கத் தோன்றினால் ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன மைக் கிடைக்கிறது. ஒரு டீச்சர், பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று தயங்கித் தயங்கி வாங்கினார். முதல் நாள் சிரித்தார்கள், மறுநாளிலிருந்து யார் அதை மாட்டிவிடுவது என்று போட்டியாம்.

இப்போது நான் சான்றிதழில் வெறுமனே 'ஓய்வு தேவை' என்று எழுதுவதில்லை. முழு லீவு அவசியமில்லாதவர்களுக்கு, "குரல் ஓய்வு தேவை, தேர்வுக் கண்காணிப்பு, விடைத்தாள் திருத்துதல் போன்ற பேசாத பணிகளைச் செய்யலாம்" என்று எழுதித் தருகிறேன். சில தலைமை ஆசிரியர்கள் அதைப் பார்த்து இரண்டு வாரம் வகுப்பை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர், "இப்படி ஒரு வழி இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா நானும் பண்ணியிருப்பேன்" என்று என்னிடமே சொன்னார். அவருக்கும் குரல் கம்மியிருந்தது.

வரும்போது வாரத்துக்கு எத்தனை பீரியட், ஸ்பெஷல் கிளாஸ் எத்தனை, வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். மருந்துச் சீட்டைவிட எனக்கு அது உதவும். ஸ்கோப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். சனிக்கிழமை வந்தாலும் சரி.