திங்கட்கிழமை எடையை நம்பாதீர்கள்

ஞாயிறு மதியம் மட்டன் குழம்பு, சாயங்காலம் தட்டுவடை செட், இரவு பரோட்டா. திங்கள் காலையில் மெஷினில் ஏறி நின்றால் சனிக்கிழமையைவிட 1.2 கிலோ கூடுதல். இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு, நடந்து, உடம்பைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள்கூட அந்தக் காலையில் மனசு விட்டுப்போகிறார்கள். "என்ன பண்ணாலும் எனக்கு எறங்கவே மாட்டேங்குதுங்க" என்று சேலத்து கிளினிக்குகளில் அடிக்கடி கேட்கும் பேச்சுக்குப் பின்னால், பெரும்பாலும் இப்படி ஒரு திங்கட்கிழமை இருக்கும்.

எடையை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கலாம் என்று தெரிய வேண்டுமானால், அந்த 1.2 கிலோ எதனால் ஆனது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அது கொழுப்பு அல்ல. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவானதுபோக ஏறக்குறைய 7700 கிலோ கலோரி மிச்சமாக வேண்டும். இட்லிக் கணக்கில் சொன்னால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நூறு இட்லிக்கும் அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் யாராலும் அவ்வளவு சாப்பிட முடியாது. ஏறியது முக்கியமாகத் தண்ணீர், அடுத்ததாக வயிற்றிலும் குடலிலும் இருக்கும் உணவு.

தண்ணீர் பல வழிகளில் உடம்பில் தங்கும். முதல் வழி உப்பு. நம் ரத்தத்தின் உப்புச் செறிவைச் சரியாக வைத்துக்கொள்ள, 9 கிராம் உப்புக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரை உடம்பு பிடித்துவைக்கும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. குழம்பு, ஊறுகாய், அப்பளம், சட்னி என்று ஒரே நாளில் 4 அல்லது 5 கிராம் கூடினால் அரை லிட்டர் தண்ணீர் நிற்கும். அதாவது அரை கிலோ. சிறுநீரகம் அதை வெளியேற்ற இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது வழி மாவுச்சத்து. சோறு, பரோட்டா, ஜவ்வரிசி எதுவானாலும் அதன் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் சேர்ந்தே தங்கும். சோற்றைக் குறைத்த முதல் வாரத்திலேயே ஒன்றிரண்டு கிலோ மளமளவென்று இறங்குவது இந்தச் சேமிப்பு கரைவதால்தான். கல்யாண வீட்டில் ஒரு நாள் சாப்பிட்டதும் அதே வேகத்தில் திரும்பி வருவதும் இதனால்தான். முதல் வார இறக்கத்தைக் கொழுப்பு என்று நம்பிவிட்டால், மூன்றாம் வாரம் அரை கிலோ மட்டும் இறங்கும்போது ஏமாற்றமாக இருக்கும். உண்மையில் அந்த அரை கிலோதான் உழைப்பின் பலன்.

மீதியெல்லாம் எளிய கணக்கு. குடித்த கால் லிட்டர் தண்ணீர் உடனே 250 கிராம். இரவில் சாப்பிட்ட மல்கோவா, தோலும் கொட்டையும் போக, கிராமுக்குக் கிராம் மெஷினில் தெரியும். மலச்சிக்கல் இருந்தால் அதுவும் எடைதான். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் சில பெண்களுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வரை நீர் தங்கும். தொடங்கிய சில நாள்களில் அதுவாகவே இறங்கிவிடும். புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவர்களுக்குத் தசை வலியோடு தசைகளில் நீரும் தங்கும் என்பதால், முதல் இரண்டு வாரம் எடை நகராமல் நிற்கலாம். எதிர்த்திசையிலும் இப்படித்தான். சித்திரை வெயிலில் பட்டறையிலோ தறிக்கூடத்திலோ வேலை செய்துவிட்டு வந்தவருக்கு ஒரு கிலோ குறைந்திருந்தால், அது வியர்வை. தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும், திரும்பவும் வேண்டும்.

ஆக, ஒரு மனிதரின் எடை நாளுக்கு நாள் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ ஏறி இறங்குவது இயல்பு. நல்ல முறையில் கொழுப்பு குறைவதோ வாரத்துக்கு அரை கிலோ. அலை ஒரு கிலோ உயரம், நாம் தேடும் மாற்றம் அரை கிலோ. ஒரே ஒரு நாள் எடையில் அந்த மாற்றம் எப்படித் தெரியும்?

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவரின் முதல் வார எடைகள், திங்கள் முதல் ஞாயிறு வரை: 74.6, 74.1, 73.9, 74.3, 73.8, 73.7, 74.0. கூட்டினால் 518.4, ஏழால் வகுத்தால் சராசரி 74.1. அடுத்த வாரம்: 74.9, 74.0, 73.6, 73.5, 73.8, 73.2, 73.4. கூட்டினால் 516.4, சராசரி 73.8. சராசரி ஏறக்குறைய 300 கிராம் இறங்கியிருக்கிறது. ஆனால் இவர் திங்கட்கிழமை மட்டும் பார்ப்பவராக இருந்தால் 74.6 போய் 74.9 என்று கண்டிருப்பார். சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே 300 கிராம் ஏறிவிட்டது என்று முடிவுகட்டியிருப்பார். காலை இட்லியையும் விட்டிருப்பார்.

அதனால் எங்கள் பரிந்துரை இது. எண்ணைப் பார்த்துப் பதறாத மனம் இருந்தால் தினமும் பாருங்கள், எழுதி வையுங்கள், ஆனால் முடிவெடுக்க வாரச் சராசரியை மட்டும் பயன்படுத்துங்கள். மொபைல் செயலி வேண்டியதில்லை. சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரின் கட்டத்திலேயே எழுதலாம். ஓரிரு நாள் விட்டுப்போனால் பரவாயில்லை. வாரத்தில் நான்கு ஐந்து எண்கள் இருந்தாலும் சராசரி பயன்படும்.

தினமும் முடியாது, அல்லது பார்த்தால் அந்த நாளே கெட்டுப்போகிறது என்பவர்கள் வாரம் ஒருமுறை பார்க்கலாம். கிழமையை மாற்றக்கூடாது. புதன் அல்லது வியாழன் நல்லது, ஏனென்றால் விடுமுறை நாள் உப்பும் சோறும் அதற்குள் வடிந்திருக்கும். ஞாயிறு, திங்களில் எடை கூடி, வார நாள்களில் படிப்படியாக இறங்குவது பின்லாந்தில் நடந்த ஆய்விலும் தெரிந்த விஷயம்தான். ஒரு புதனை அடுத்த புதனோடு ஒப்பிடுவதைவிட, நான்கு புதன்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். பெண்கள் இந்த மாதத்தின் ஒரு நாளை, போன மாதச் சுழற்சியின் அதே நாளோடு ஒப்பிட்டால் குழப்பம் குறையும்.

மாதம் ஒருமுறை பார்ப்பதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. இரண்டு கிலோ ஏறியது தெரிவதற்குள் பழக்கம் ஊறிப்போயிருக்கும். ஒரே நாளில் காலை, மதியம், இரவு என்று ஏறி இறங்குவதில் பயனே இல்லை. அதில் தெரிவது சாப்பிட்ட சாப்பாடும் குடித்த தண்ணீரும்தான்.

எப்போது பார்த்தாலும் ஒரே மாதிரி பார்ப்பது முக்கியம். காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, காப்பியோ தண்ணீரோ குடிப்பதற்கு முன். உடை கிட்டத்தட்ட ஒரே கனமாக இருக்கட்டும். ஜீன்ஸும் பெல்ட்டும் மட்டுமே ஒரு கிலோவைத் தொடும். கொலுசு, வளையல் எல்லாம் கழற்ற வேண்டியதில்லை. போட்டிருந்தால் எப்போதும் போட்டிருங்கள், அவ்வளவுதான். மருந்துக் கடை வாசலில் செருப்போடு சாயங்காலம் பார்த்த எடையையும், வீட்டில் விடியற்காலையில் பார்த்த எடையையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைத் தராசுக்கும் லீ பஜார் மண்டித் தராசுக்கும் அரசு முத்திரை உண்டு. வீட்டு எடை மெஷினுக்கு முத்திரை வைக்க யாரும் வருவதில்லை. நாமேதான் சோதித்துக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் மெஷினின் நான்கு கால்களுக்குள்ளும் அழுத்தத்தை உணரும் உணரிகள் இருக்கின்றன. ஒரு கால் டைல்ஸ் இடுக்கில் இறங்கினாலும், மிதியடி மேல் வைத்தாலும், பழைய சிமென்ட் தரையின் மேடுபள்ளத்தில் ஆடினாலும் எண் தவறும். கெட்டியான, சமமான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே வைத்துவிடுங்கள். இடம் மாற்றினால் ஒருமுறை காலால் அழுத்தி, 0.0 வந்தபின் ஏறுங்கள்.

அடுத்தடுத்து மூன்று முறை ஏறிப் பாருங்கள். 200 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் தரையையும் பேட்டரியையும் சந்தேகப்படுங்கள். மூன்று முறையும் துளியும் மாறாமல் ஒரே எண் வந்தால் அதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். சில மெஷின்கள், புதிய எடை பழைய எடைக்கு மிக அருகில் இருந்தால், நினைவில் வைத்திருக்கும் பழைய எண்ணையே காட்டும். கையில் ஒரு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு, பிறகு வெறுங்கையோடு ஏறினால் உண்மை எண் வரும். அளவு சரியா என்று பார்க்க, பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். தனியாக ஏறிய எடைக்கும் இதற்கும் 5 கிலோ வித்தியாசம் வர வேண்டும். சிப்பத்தை வைத்துச் சோதிப்பவர்கள் மேலே அச்சிட்ட எடையைப் படித்துக்கொள்ளுங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பை அரிசிக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு 26 கிலோ மூட்டைகள் பெருகிவிட்டன. ஸ்பிரிங் மெஷினாக இருந்தால் ஸ்பிரிங் தளரும். முள்ளை நேர் மேலிருந்து பார்க்காவிட்டால் அரை கிலோ கூடக் குறையத் தெரியும்.

ஏற்காட்டுக்குப் போனால் எடை குறைகிறது என்று சொல்பவர்கள் உண்டு. மலை உயரத்தில் புவியீர்ப்பு சற்றுக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் சேலத்தைவிட சுமார் 1200 மீட்டர் உயரம், 70 கிலோ மனிதருக்கு 30 கிராமைக்கூட மாற்றாது. குளிரில் சிறுநீர் அதிகம் போவதும், ஏரியைச் சுற்றி நடப்பதும், வீட்டு மெஷினை விட்டு வேறு மெஷினில் ஏறுவதும்தான் அந்த வித்தியாசம்.

கொழுப்பு இத்தனை சதவீதம், தசை இத்தனை சதவீதம் என்று காட்டும் மெஷின்கள் உடம்பில் லேசான மின்சாரத்தைச் செலுத்தி, தண்ணீரின் அளவை வைத்து மதிப்பிடுகின்றன. தண்ணீர் மாறினால் அந்தச் சதவீதமும் மாறும். அந்த எண்ணுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் அந்த வசதியைப் பயன்படுத்தக்கூடாது.

அதைவிட நம்பகமானது தையல் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு, இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். இந்திய உடல்வாகுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கைக் கோடு. மாதம் இருமுறை போதும். எடை நிற்கும்போது டேப் இறங்குவது உண்டு, அதுவும் முன்னேற்றம்தான்.

சராசரி மூன்று நான்கு வாரம் நகரவே இல்லை என்றால்தான் சாப்பாட்டில் கைவைக்க வேண்டும். முதலில் எண்ணெயைப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கிலோ கலோரி. நான்கு பேர் வீட்டில் மாதம் இரண்டு லிட்டருக்கு மேல் செலவானால் காரணம் அங்கே இருக்கலாம். அடுத்து மாலை நேரத் தட்டுவடை, முறுக்கு, சர்க்கரை போட்ட டீ. உடம்பு சிறுத்தபின் அதன் தேவையும் சிறுக்கும் என்பதால், 80 கிலோவில் பலித்த சாப்பாட்டு அளவு 74 கிலோவில் பலிக்காமல் போகலாம். சர்க்கரை நோய்க்கான இன்சுலின், கிளிமெபிரைடு, பயோகிளிட்டசோன், மற்றும் ஸ்டீராய்டு மாத்திரைகள் எடையை ஏற்றக்கூடியவை. அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிய எடைக் கணக்கை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். இலக்கையும் சிறிதாக வையுங்கள். உடல் எடையில் 5 சதவீதம், அதாவது 80 கிலோவில் 4 கிலோ குறைந்தாலே ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நன்மை காட்டத் தொடங்கும்.

எல்லோருக்கும் இந்த மெஷின் நல்லதல்ல. எண்ணைப் பார்த்ததும் சாப்பாட்டை முழுதாக விடுவது, வாந்தி எடுப்பது, பேதி மருந்து போடுவது என்று ஆகிவிட்டால் மெஷினைப் பரணில் ஏற்றிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வளரும் பிள்ளைகளைத் தினமும் நிறுத்திப் பார்க்கவே கூடாது, பிறர் முன்னால் அந்த எண்ணைச் சொல்லவும் கூடாது. கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனைக்குப் போகும்போது பார்க்கும் எடை போதும்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்னபடி தினமும் பார்த்தே ஆக வேண்டும், அது வேறு கணக்கு. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால், கால் வீங்கினால், படுத்தால் மூச்சு வாங்கினால், சராசரிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் பேச வேண்டும். முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் 5 சதவீத எடை குறைந்தவர்களும் மகிழ வேண்டாம். சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் என்று காரணம் தேடிப் பரிசோதிக்க வேண்டும்.

எடை குறைந்தபின் பார்ப்பதை நிறுத்துவதுதான் நாங்கள் அடிக்கடி காணும் தவறு. அமெரிக்காவில் 1994 முதல், எடையைக் குறைத்து அதைக் காப்பாற்றியும் வருபவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் பதிவேடு ஒன்று உண்டு. அதில் ஏறக்குறைய 75 சதவீதம் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். இலக்கை எட்டிய வாரத்தின் சராசரியைக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதி, அதோடு இரண்டு கிலோவைக் கூட்டிப் பக்கத்தில் குறித்துவையுங்கள். மாம்பழ மாதங்களிலும், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவிலும், தீபாவளியிலும் எண் ஏறும், ஏறட்டும். வாரச் சராசரி அந்த இரண்டாவது எண்ணைத் தொட்டால், குறைத்தபோது என்ன சாப்பிட்டீர்களோ அந்தச் சாப்பாட்டுக்கு அந்த வாரமே திரும்புங்கள்.